ஸ்டார்ட் ஆகாத பழைய காரில் மின்பழுதைக் கண்டறியும் முறை

சாவியைத் திருப்பிய பின்னும் எஞ்சின் ஓடாத பழைய காரில் ஏதோ ஒரு பாகம் செத்துவிட்டது என்று முடிவுகட்டி, முதலில் பேட்டரி, பிறகு ஸ்டார்ட்டர் மோட்டார், அதன் பின் ஆல்டர்னேட்டர் என ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போவது பட்டறைகளிலும் வீட்டு வாசல்களிலும் பரவலாகக் காணப்படும் பழக்கம். இப்பழக்கம் பணத்தை விழுங்குவதோடு நல்ல பாகங்களைக் குப்பைக்கு அனுப்பி, உண்மையான பழுதை இருந்த இடத்திலேயே விட்டுவிடுகிறது. ஏனெனில் முப்பது, நாற்பது ஆண்டுகள் ஓடிய காரில் மின்சாரம் தடைபடும் இடம் பெரும்பாலும் அப்பாகங்களை ஒன்றோடொன்று இணைக்கும் முனைகளும் கம்பிகளும் எர்த் பட்டைகளுமே. ஆகவே எந்தப் பாகத்தையும் கழற்றுவதற்கு முன்னர், பேட்டரியிலிருந்து புறப்படும் மின்சாரம் எவ்வழியே சென்று எவ்விடத்தில் குறைகிறது என்பதை அளந்து அறிய வேண்டும் என்பதே இந்த அத்தியாயம் வலியுறுத்தும் முறை.

இங்கே பழைய கார் எனப்படுவது, எஞ்சினின் இயக்கத்தைக் கணினி கட்டுப்படுத்தாத, கார்புரேட்டரும் டிஸ்ட்ரிபியூட்டரும் கொண்ட கார். கார்புரேட்டர் பெட்ரோலைக் காற்றோடு கலந்து தருவது. டிஸ்ட்ரிபியூட்டர் தீப்பொறிக்கு வேண்டிய உயர் மின்னழுத்தத்தை உரிய நேரத்தில் உரிய சிலிண்டருக்குப் பிரித்தனுப்புவது. மலேசியாவின் பினாங்கில் இவ்வகைக் கார்களைப் பற்றிப் பேசும்போது முதலில் நினைவுக்கு வருவது, மிட்சுபிஷி லான்சர் ஃபியோரேயை அடிப்படையாகக் கொண்டு 1985 ஜூலையில் அறிமுகமான முதல் புரோட்டோன் சாகாதான். அதே ஆண்டில் பினாங்குப் பாலத்தின் திறப்பு விழாவில் அன்றைய பிரதமர் மகாதீர் ஒரு சாகாவில்தான் பாலத்தைக் கடந்தார். அதற்கு முந்திய தலைமுறையின் டாட்சன் 120ஒய், மோரிஸ் மைனர், ஃபோக்ஸ்வேகன் பீட்டில் ஆகியவையும், 1994இல் வந்த பெரோடுவா கஞ்சிலின் தொடக்ககால வண்டிகளும் இதே முறைக்குள் அடங்கும்.

காரும் காலநிலையும்

ஐரோப்பிய, ஜப்பானியக் கையேடுகள் குளிர்காலக் காலையையே ஸ்டார்ட் ஆகாமைக்கு முதல் காரணமாகச் சொல்லும். பினாங்கில் அக்காரணம் இல்லை, அதற்குப் பதிலாக வேறு மூன்று காரணங்கள் ஆண்டு முழுவதும் வேலை செய்கின்றன. முதலாவது வெப்பம். வெப்பநிலை 10 பாகை உயரும்போது வேதிவினையின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்னும் பொதுவிதி பேட்டரிக்குள் நிகழும் அரிப்புக்கும் பொருந்துவதால், வெயிலில் நிறுத்தப்பட்டு எஞ்சின் சூட்டிலும் வேகும் பேட்டரி, குளிர்நாட்டுக் கையேடு சொல்லும் ஆயுளை இங்கே எட்டுவதில்லை. இரண்டாவது, கடலிலிருந்து வரும் உப்பு ஈரம். தீவின் வடகிழக்குப் பகுதியில் வெல்ட் கீயிலும் கர்னி டிரைவிலும் இரவு பகலாகத் திறந்தவெளியில் நிற்கும் காரின் செம்புக் கம்பிகளிலும் ஈய முனைகளிலும் அந்த ஈரம் படிந்து, செம்பின் மேல் பச்சைப் பூச்சையும் ஈயத்தின் மேல் சாம்பல் வெண்மைப் பூச்சையும் உண்டாக்குகிறது. 2008ஆம் ஆண்டு முதல் யுனெஸ்கோ பாரம்பரியத் தலமாக விளங்கும் ஜார்ஜ்டவுன் நகர மையத்தின் பழைய கடைவீடுகளில் ஐந்தடி நடைபாதை மனிதருக்கு நிழல் தருமே தவிர, அவ்வீடுகளில் கார் நிறுத்தக் கொட்டகை இருப்பதில்லை என்பதால், அங்கு குடியிருப்போரின் கார்கள் மழையையும் வெயிலையும் முழுமையாக ஏற்கின்றன.

மூன்றாவது வெள்ளம். 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கை மூழ்கடித்த பெருமழையைப் போன்ற நிகழ்வில் தண்ணீருக்குள் நின்ற கார், உலர்ந்த பின் சில நாட்கள் நன்றாகவே ஓடும். ஆனால் இணைப்பிகளுக்குள்ளும் கம்பி உறைக்குள்ளும் புகுந்த சேற்று நீர் மாதக்கணக்கில் செம்பை அரித்து, வெள்ளம் மறக்கப்பட்ட பிறகே பழுதாக வெளிப்படும். ஆகவே பழைய காரை வாங்குவோரும் பழுதுபார்ப்போரும் அது எங்கே நிறுத்தப்பட்டு வந்தது, வெள்ளத்தில் நின்றதுண்டா என்பவற்றைக் கேட்டறிவது, எந்தக் கருவியாலும் பெற முடியாத தகவலைப் பெறுவதாகும்.

கருவிகளும் முன்னெச்சரிக்கையும்

இந்த வேலைக்கு மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை மூன்றையும் அளக்கும் டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்றும், 12 வோல்ட் பல்பும் ஊசிமுனையும் கொண்ட சோதனை விளக்கு ஒன்றும், இரு முனைகளிலும் கவ்விகள் உள்ள ஒரு தடித்த கம்பியும் போதும். மின்னழுத்தம் என்பது மின்சாரத்தைத் தள்ளும் விசை, அது வோல்ட்டில் அளக்கப்படும். மின்னோட்டம் என்பது கம்பி வழியே உண்மையில் பாயும் அளவு, அது ஆம்பியரில் அளக்கப்படும். மின்தடை என்பது அப்பாய்ச்சலுக்கு எதிராக நிற்கும் தடை, அது ஓமில் அளக்கப்படும். மல்டிமீட்டர் மிகச் சிறிய மின்னோட்டத்தைக் கொண்டே அளப்பதால் ஒரே ஓர் இழை மட்டும் எஞ்சியிருக்கும் கம்பியிலும் அது முழு 12 வோல்ட்டைக் காட்டிவிடும். சோதனை விளக்கோ சிறிது மின்னோட்டத்தை இழுத்துப் பார்க்கிறது, ஆகையால் இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்யும்.

சார்ஜ் ஆகும் ஈய-அமில பேட்டரியிலிருந்து தீப்பற்றக்கூடிய ஹைட்ரஜன் வாயு வெளியேறும் என்பதால், அதன் அருகில் சிகரெட்டும் தீப்பொறியும் கூடாது. அமிலம் கண்ணில் தெறிக்காதபடி கண்ணாடி அணிய வேண்டும். கைவிரல் மோதிரத்தையும் உலோகக் கடிகாரத்தையும் கழற்றிவிட வேண்டும், ஏனெனில் ஸ்பானருக்கும் பாடிக்கும் இடையில் அகப்படும் மோதிரம் நொடியில் பழுக்கச் சூடாகும். பேட்டரியைக் கழற்றும்போது பாடியோடு இணைந்த முனையை முதலில் கழற்றி, மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்ட வேண்டும். ஜப்பானிய, மலேசியக் கார்களில் அது எதிர்முனை; மோரிஸ் மைனர் போன்ற பழைய பிரித்தானியக் கார்கள் பலவற்றிலோ நேர்முனையே பாடியோடு இணைக்கப்பட்டிருக்கும் என்பதால், அவற்றில் நிறத்தை நம்பிக் கம்பியை மாட்டுவது ஆபத்து. பழைய பீட்டில் சிலவற்றில் பேட்டரியே 6 வோல்ட்டாக இருக்கும். கீழே தரப்படும் எண்கள் 12 வோல்ட், எதிர்முனை எர்த் உள்ள கார்களுக்கானவை.

முதல் கேள்வி

எஞ்சினைச் சுழற்றுவது ஒரு வேலை, சுழலும் எஞ்சினுக்குள் பெட்ரோலைப் பற்றவைப்பது வேறொரு வேலை. 1912இல் சார்லஸ் கெட்டரிங்கின் மின் ஸ்டார்ட்டர் கேடிலாக் காரில் வரும் வரையில் முதல் வேலையை மனிதக் கையே செய்தது. மோரிஸ் மைனரில் கைப்பிடியால் சுழற்றும் வசதி அதன் பின்னரும் நீடித்தது. இந்தப் பிரிவு இன்றும் பயன் தருகிறது: கைப்பிடியால் சுழற்றியோ, மேனுவல் கியர் உள்ள காரை இரண்டாம் கியரில் தள்ளியோ எஞ்சின் ஓடிவிடுமானால், தீப்பொறியும் பெட்ரோலும் சரியாக உள்ளன, பழுது ஸ்டார்ட்டரின் பாதையில் இருக்கிறது என்று உறுதிசெய்யலாம். ஆகவே சாவியைத் திருப்பியதும் எஞ்சின் சுழல்கிறதா, சுழலவில்லையா என்பதே முதல் கேள்வி. இதற்கு விடை தெரியாமல் பேட்டரியையும் ஸ்பார்க் பிளக்கையும் ஒரே நேரத்தில் சந்தேகிப்பது வீண்வேலை.

எஞ்சின் சுழலவில்லை என்றால் ஹெட்லைட்டை எரியவிட்டுச் சாவியைத் திருப்பி, விளக்கையும் ஒலியையும் ஒருங்கே கவனிக்க வேண்டும். எந்த ஒலியும் இன்றி விளக்கும் மங்காமல் இருந்தால், ஸ்டார்ட்டரை இயக்கும் ஆணை அதை எட்டவே இல்லை. 'டக்' என்று ஒரே ஓர் ஒலி கேட்டு விளக்கு சிறிதளவே மங்கினால், ஆணை எட்டிவிட்டது, ஆனால் பெரிய மின்னோட்டம் மோட்டாருக்குள் பாயவில்லை. தேய்ந்த கார்பன் பிரஷ் அல்லது மோட்டாரை இணைக்கும் சொலினாய்டு என்னும் மின்காந்தச் சுவிட்சின் கரிந்த தொடுமுனை அதற்குக் காரணமாகலாம். 'டக-டக-டக' என விரைவாக ஒலித்தால், சொலினாய்டு மோட்டாரை இணைக்கும் ஒவ்வொரு முறையும் மின்னழுத்தம் சரிந்து, சொலினாய்டைப் பிடித்துவைக்கும் சுருளும் விட்டுவிடுகிறது. இது பேட்டரி தளர்ந்திருப்பதையோ முனை ஒன்று அரிக்கப்பட்டிருப்பதையோ காட்டும். விளக்கு முற்றாக அணைந்துவிட்டால், பேட்டரி முனையிலேயே இணைப்பு விட்டுப்போயிருக்கிறது என்பதே முதல் சந்தேகம். காரில் எந்த விளக்குமே எரியாமல் எல்லாம் செத்துக் கிடந்தால், ஜப்பானிய வகைக் கார்களில் பேட்டரியின் நேர்முனைக்கு அருகிலுள்ள ஃபியூசிபிள் லிங்க்கைப் பார்க்க வேண்டும். அது மிகை மின்னோட்டத்தில் உருகும்படி அமைந்த ஒரு சிறு கம்பித் துண்டு, வெளியுறை முழுமையாக இருக்கும்போதே உள்ளே உருகியிருக்கும், ஆகவே அதைக் கண்ணால் பார்ப்பதோடு நில்லாமல் மெல்ல இழுத்தும் பார்க்க வேண்டும்.

பேட்டரி

ஈய-அமில பேட்டரி 6 அறைகளைக் கொண்டது. ஒவ்வோர் அறையும் சற்றேறக்குறைய 2.1 வோல்ட் தருவதால், கார் சில மணி நேரம் நின்ற பிறகு அளக்கும்போது முழுமையாகச் சார்ஜ் ஆன பேட்டரி 12.6 வோல்ட்டோ அதற்குச் சற்று மேலோ காட்டும். 12.4 வோல்ட் முக்கால் பங்கையும், 12.2 அரைப் பங்கையும், 12.0 கால் பங்கையும் குறிக்கும் என்று பொதுவாகக் கொள்ளலாம். அப்போதுதான் சார்ஜரிலிருந்து எடுக்கப்பட்ட பேட்டரி உண்மைக்கு மேலான எண்ணைக் காட்டும். ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் எரியவிட்டு அணைத்த பிறகு அளந்தால் அந்தப் பொய் உயர்வு நீங்கிவிடும். எவ்வளவு நேரம் சார்ஜ் செய்தாலும் 10.5 வோல்ட்டைத் தாண்டாத பேட்டரியில் ஓர் அறை செத்துவிட்டது. அதைக் காப்பாற்ற வழியில்லை.

நின்ற நிலையில் எடுக்கும் அளவு பேட்டரி எவ்வளவு நிறைந்துள்ளது என்பதைக் காட்டுமேயன்றி, அதன் வலிமையைக் காட்டாது. வலிமையை அறிய, எஞ்சின் ஓடிவிடாதபடி, தீப்பொறிக்கான உயர் மின்னழுத்தத்தை உண்டாக்கும் இக்னிஷன் காயிலுக்குச் செல்லும் மெல்லிய நேர்க்கம்பியைக் கழற்றிவிட்டு, பேட்டரியின் முனைகளில் மீட்டரைப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சில நொடிகள் சுழற்ற வேண்டும்; நல்ல பேட்டரியில் எண் 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கலாகாது. ஒரே மூச்சில் 10 நொடிக்கு மேல் சுழற்றுவதும், ஓய்வு தராமல் மீண்டும் சுழற்றுவதும் ஸ்டார்ட்டரின் சுருளை எரித்துவிடும். மூடிகளைத் திறக்கக்கூடிய பேட்டரியில் ஹைட்ரோமீட்டரால், அதாவது அமிலத்தின் அடர்த்தியை மிதவையால் காட்டும் கண்ணாடிக் குழாயால், ஆறு அறைகளையும் தனித்தனியே அளக்கலாம். எல்லா அறைகளும் ஒன்றுபோல் தாழ்ந்திருந்தால் சார்ஜ் குறைவு, ஓர் அறை மட்டும் மற்றவற்றைவிட 0.050 அளவுக்குத் தாழ்ந்திருந்தால் அந்த அறையே பழுது. இங்குள்ள வெப்பத்தில் நீர் விரைவாக ஆவியாவதால், தகடுகள் வெளியே தெரியாதபடி வடிநீர் ஊற்றிவரும் சிறு பணியைத் தவறவிட்டதனாலேயே பல பேட்டரிகள் காலத்துக்கு முன் சாகின்றன.

மின்னழுத்த இழப்பு

இவ்வத்தியாயத்தின் மையம் இதுவே. பேட்டரி நன்றாக இருந்தும் எஞ்சின் முனகி முனகிச் சுழல்கிறது என்றால், வழியில் எங்கோ மின்னழுத்தம் வீணாகிறது. இணைப்பு ஒன்றில் 0.03 ஓம் மின்தடை தோன்றிவிட்டதாகக் கொள்வோம். அது சாதாரண மீட்டரின் ஓம் அளவையில் சுழியாகவே தெரியும் அளவுக்குச் சிறியது. 55 வாட் ஹெட்லைட் இரண்டும் சேர்ந்து இழுப்பது ஏறத்தாழ 9 ஆம்பியர், ஆகவே அவை அந்த இணைப்பின் வழியே இழப்பது 0.3 வோல்ட்டுக்கும் குறைவு. விளக்கு பளிச்சென்று எரியும், உரிமையாளர் பேட்டரியும் வயரும் நலம் என்று நினைத்துக்கொள்வார். அதே இணைப்பின் வழியே 100 ஆம்பியரைத் தாண்டி இழுக்க முயலும் ஸ்டார்ட்டர் 3 வோல்ட்டுக்கு மேல் அங்கேயே பறிகொடுக்கும்; சுழலத் தேவையான வேகம் கிடைக்காது. ஐந்து தடங்கள் மூடப்பட்டு ஒரே தடம் திறந்திருக்கும் பினாங்குப் பாலத்தில் இரவில் தனியே வரும் மோட்டார்சைக்கிள் தடையின்றிக் கடந்துவிடுவதும், காலை நேரக் கூட்டம் அப்படியே நின்றுவிடுவதும் இதற்கு ஒப்பாகும்.

இந்த இழப்பை அளக்க ஓம் அளவையைத் தொடவே வேண்டாம்; மீட்டரை வோல்ட் அளவையில் வைத்து, ஒரே கம்பியின் இரு நுனிகளிலும் இரு ஊசிகளைப் பிடித்து, ஸ்டார்ட்டர் இழுக்கும் நேரத்தில் அளக்க வேண்டும். தடையற்ற கம்பியின் இரு நுனிகளுக்கும் இடையில் மின்னழுத்த வேறுபாடு ஏறக்குறைய இராது, தடை உள்ள கம்பியில் அத்தடை விழுங்கும் வோல்ட் அப்படியே மீட்டரில் தோன்றும். முதலில் பேட்டரியின் நேர்முனையில் சிவப்பு ஊசியையும், ஸ்டார்ட்டரின் பெரிய போல்ட்டில் கறுப்பு ஊசியையும் வைத்து, உதவிக்கு ஒருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லிப் பார்க்க வேண்டும், 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நேர்ப்பாதையில் குறை உள்ளது. அடுத்து ஸ்டார்ட்டரின் உலோக உடலில் சிவப்பு ஊசியையும் பேட்டரியின் எதிர்முனையில் கறுப்பு ஊசியையும் வைத்து அளந்தால் 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். எல்லை மீறிய பாதையில் இணைப்பு இணைப்பாக ஊசியை நகர்த்திக்கொண்டே போனால், எண் திடீரெனக் குறையும் இடத்துக்கும் அதற்கு முந்திய இடத்துக்கும் நடுவில்தான் பழுது உள்ளது. ஊசியைக் கவ்வியின் மேல் வைப்பதும் ஈயக் கம்பத்தின் மேல் வைப்பதும் வேறு வேறு அளவீடுகள். கம்பத்துக்கும் அதைப் பற்றியிருக்கும் கவ்விக்கும் இடையிலேயே 1 வோல்ட்டுக்கு மேல் தொலைவதும் உண்டு, அப்போது கவ்வியைக் கழற்றி உட்புறத்தையும் கம்பத்தையும் கம்பித் தூரிகையால் பளபளவென்று தேய்த்து இறுக்குவதோடு வேலை முடிந்துவிடும்.

எர்த் பக்கத்தைப் பலரும் மறந்துவிடுவது வருந்தத்தக்கது, ஏனெனில் பழைய கார்களில் மிகுதியாகக் கெடுவது அதுவே. எஞ்சின் ரப்பர் தாங்கிகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது; ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது; ஆகவே எஞ்சினிலிருந்து பாடிக்கோ பேட்டரிக்கோ மின்சாரம் திரும்ப, பின்னல் பட்டை ஒன்றோ தடித்த கம்பி ஒன்றோ தனியே இணைக்கப்பட்டிருக்கும். எஞ்சினை இறக்கி ஏற்றிய ஒருவர் அப்பட்டையைத் திரும்ப மாட்ட மறந்திருக்கலாம், பாடிக்குப் புதுப் பெயின்ட் அடித்தவர் அதன் இருப்பிடத்திலும் பெயின்ட்டைப் பூசியிருக்கலாம், அல்லது உப்பு ஈரம் போல்ட்டுக்கு அடியில் துருவைப் பரப்பியிருக்கலாம். திரும்பும் வழி அடைபட்ட மின்சாரம் கிடைத்த குறுக்கு வழியில் பாய்வதால், ஆக்சிலரேட்டர் கேபிளோ சோக் கேபிளோ ஸ்டார்ட் செய்யும்போது சூடாகிப் புகைவதும் காணப்படும். அந்த அறிகுறியைக் கண்டவர் வேறெதையும் ஆராயாமல் நேராக எர்த் பட்டைக்குச் செல்லலாம். எர்த் பழுதை உறுதிப்படுத்த, ஜம்பர் கேபிள் ஒன்றின் ஒரு நுனியை எஞ்சின் பிளாக்கின் சுத்தமான உலோகத்திலும் மறு நுனியைப் பேட்டரியின் எதிர்முனையிலும் கவ்விச் சாவியைத் திருப்பிப் பார்க்க வேண்டும். முனகிய எஞ்சின் விறுவிறுவென்று சுழன்றால், வாங்க வேண்டியது ஒரு பட்டை மட்டுமே.

வெளியுறைக்குள் மறைந்திருக்கும் அரிப்புதான் கண்டறியக் கடினமானது. பேட்டரிக் கவ்வியிலிருந்து அமிலப் பசை கம்பியின் இழைகளுக்குள் இறங்கி, ஒரு சாண் நீளத்துக்குச் செம்பைக் கறுத்த பொடியாக்கிவிடும். அவ்விடத்தில் கம்பி பருத்து விறைப்பாக இருக்கும், ஸ்டார்ட்டரைச் சுழற்றிய உடனே தொட்டால் வெதுவெதுப்பாகவும் இருக்கும். இத்தகைய கம்பியை வெட்டி ஒட்டாமல், அதே தடிப்போ அதைவிடக் கூடுதல் தடிப்போ உள்ள புதிய கம்பியாக முழுமையாக மாற்றுவதே தகும்.

சாவியிலிருந்து சொலினாய்டு வரை

சொலினாய்டு என்பது ஸ்டார்ட்டரின் முதுகில் அமர்ந்திருக்கும் மின்காந்தச் சுவிட்சு. சாவியிலிருந்து வரும் மெல்லிய கம்பி அதற்கு ஆணை தர, அது பல்சக்கரத்தை முன்னே தள்ளி, பேட்டரியின் பெரிய மின்னோட்டத்தை மோட்டாரோடு இணைக்கிறது. எந்த ஒலியும் கேட்காத காரில் இந்த மெல்லிய கம்பியின் முனையில் சோதனை விளக்கை வைத்துச் சாவியைத் திருப்ப வேண்டும். விளக்கு பளிச்சென எரிந்தும் ஸ்டார்ட்டர் அசையவில்லை என்றால் பழுது சொலினாய்டில். விளக்கு எரியவில்லை என்றால் பழுது அதற்கு முன்னே. ஆட்டோ கியர் கார்களில் கியர் 'பி' அல்லது 'என்' நிலையில் இருந்தால் மட்டுமே ஆணையை அனுமதிக்கும் ஒரு சுவிட்சு உள்ளது. 'பி'யில் ஓடாத கார் 'என்'னில் ஓடினால் அச்சுவிட்சு தேய்ந்திருக்கிறது.

பழைய ஜப்பானிய, மலேசியக் கார்களில் சூடான எஞ்சின் மட்டும் மறுபடி ஸ்டார்ட் ஆக மறுத்து, அரை மணி ஆறிய பின் இசைந்துவிடும் குறை உண்டு. ஆணைக் கம்பியில் அளந்தால் பேட்டரியில் 12 வோல்ட் இருக்கும்போதே அங்கே 7 அல்லது 8 வோல்ட்தான் இருக்கும். சாவிச் சுவிட்சின் தேய்ந்த தொடுமுனைகளும் பல இணைப்பிகளும் மிச்சத்தை விழுங்கிவிட, சூட்டினால் மின்தடை கூடிய சொலினாய்டுச் சுருள் இழுக்கத் திணறுகிறது. சாவியின் கம்பி ஒரு ரிலேயை மட்டும் இயக்க, அந்த ரிலே பேட்டரியிலிருந்து நேராகச் சொலினாய்டுக்கு மின்சாரம் தரும்படி அமைப்பது மலிவான, நிலையான தீர்வு. ரிலே என்பது சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் பெட்டி.

மலேசியாவில் இன்னொன்றையும் தனியே சொல்லியாக வேண்டும். 1980, 1990களின் கார்களில் திருட்டைத் தடுக்கப் பின்னாளில் அலாரமும், அதோடு ஸ்டார்ட்டரையோ இக்னிஷனையோ துண்டிக்கும் ரிலேயும், ரகசியச் சுவிட்சும் பொருத்துவது பரவலாக இருந்தது. அவற்றை மாட்டியவர் யார் என்பது தெரியாது, வரைபடம் கிடையாது, எல்லாக் கம்பிகளும் ஒரே கறுப்பு நிறத்தில் ஸ்டீயரிங்குக்கு அடியில் பின்னிக் கிடக்கும், முறுக்கி நாடா சுற்றிய இணைப்புகள் சூட்டில் பசை இளகி அவிழ்ந்திருக்கும். கார் நிறுவனத்தின் வயரிங் வரைபடம் காட்டும் இடத்தில் மின்சாரம் புறப்பட்டு, அதே வரைபடம் காட்டும் அடுத்த இடத்தை வந்துசேரவில்லை என்றால், இடையில் யாரோ வெட்டிச் சேர்த்த ஒன்றைத் தேட வேண்டும். அதைக் கண்டபின் பழுதான அலாரத்தை முற்றாக நீக்கி, வெட்டிய கம்பியை ஈயப்பற்று வைத்து இணைத்து உறையிட்டு, காரைப் பிறந்த நிலைக்குக் கொண்டுவருவதே மதிக்கத்தக்க வேலை.

சுழன்றும் பற்றாத எஞ்சின்

எஞ்சின் நல்ல வேகத்தில் சுழன்றும் ஓடவில்லை என்றால், ஸ்பார்க் பிளக் ஒன்றைக் கழற்றி அதன் வயரில் மாட்டி, உலோக உடலை எஞ்சினோடு உறுதியாகத் தொடவைத்து, பெட்ரோல் ஆவி இல்லாத இடமாகப் பார்த்துச் சுழற்ற வேண்டும். சடசடவென்று நீலவெள்ளைப் பொறி வந்தால் கவனம் பெட்ரோல் பக்கம் திரும்பலாம். அக்காலக் கார்புரேட்டர்கள் பலவற்றில் சாவியைத் திறந்ததும் 'டிக்' என்று திறக்கும் சிறு மின் வால்வு ஒன்று பெட்ரோலை விடுவிக்கிறது, அந்த ஒலி கேட்கவில்லை என்றால் அதுவும் மின்பழுதே.

பொறி வரவில்லை என்றால் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்து, ஸ்டார்ட்டரைச் சுழற்றும்போது உள்ளிருக்கும் ரோட்டர் சுழல்கிறதா என்று பார்ப்பதே முதல் வேலை. டைமிங் பெல்ட் உள்ள எஞ்சினில் கேம்ஷாஃப்ட்டிலிருந்து ஓட்டம் பெறும் டிஸ்ட்ரிபியூட்டரில் அது அசையாமல் நின்றால் டைமிங் பெல்ட் அறுந்திருக்கிறது, மின்சாரத்தைக் குற்றம் சொல்வதற்கில்லை. ரோட்டர் சுழன்றால், சாவியைத் திறந்த நிலையில் காயிலின் நேர்முனையில் மின்சாரம் உள்ளதா என்று பார்க்க வேண்டும். சாவியைத் திருப்பிப் பிடித்திருக்கும்போது எஞ்சின் பற்றிக்கொண்டு, விட்ட கணமே அணைந்துவிடும் கார்களில் பழுது ஏறத்தாழ நிச்சயமாக பாலஸ்ட் மின்தடையிலோ சாவிச் சுவிட்சின் ஓட்ட நிலையிலோ இருக்கும். பாலஸ்ட் என்பது ஓடும்போது காயிலுக்குச் செல்லும் மின்னழுத்தத்தைக் குறைத்து, ஸ்டார்ட் செய்யும் கணத்தில் மட்டும் ஒதுங்கி நிற்கும் தடை, அது அறுந்துபோனால் அந்தக் கணத்துக்கு அப்பால் காயில் பட்டினி கிடக்கும். காயிலின் முதன்மைச் சுருள் பாலஸ்ட் உள்ள கார்களில் சுமார் 1.5 ஓமும், இல்லாதவற்றில் சுமார் 3 ஓமும் காட்டும். பாலஸ்ட் இல்லாத காரில் 1.5 ஓம் காயிலைப் பொருத்தினால் பாயிண்ட் விரைவில் கரியும்.

பாயிண்ட் எனப்படுவது முதன்மைச் சுருளின் மின்னோட்டத்தைத் திறந்து மூடும் இரு தொடுமுனைகள். வண்டிக்கு வண்டி 0.35 முதல் 0.55 மில்லிமீட்டர் வரை வேறுபடும் அவற்றின் இடைவெளி, தேய்மானத்தால் குறைந்து மூடிப்போனால் பொறியே வராது. மாதக்கணக்கில் நின்ற காரில் அவற்றின் மேல் மெல்லிய ஆக்சைடு படிந்தாலும் அதே விளைவு, மெல்லிய உப்புத்தாளை ஒருமுறை செலுத்தித் துடைத்தால் போதும். அருகிலுள்ள கண்டென்சர் கெட்டால் பொறி மஞ்சளாகித் தளர்ந்து, பாயிண்ட் நீலம் பூத்துக் கரிந்திருக்கும். செப்டம்பர், அக்டோபர் மாத மழைக்குப் பின் மட்டும் அடம்பிடிக்கும் காரில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உட்புறத்தை டார்ச்சு வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்; பென்சிலால் கீறியது போன்ற கறுப்புக் கோடு ஒரு முனையிலிருந்து மற்றொரு முனைக்கு ஓடினால், உயர் மின்னழுத்தம் ஈரத்தின் வழியே பாதை போட்டுக்கொண்டது, அந்த மூடியைத் துடைத்துப் பயனில்லை. ஈரம் மட்டுமே என்றால் உலர்ந்த துணியால் துடைத்ததும் எஞ்சின் ஓடும். இருட்டில் எஞ்சினைச் சுழற்றிப் பார்த்தால், பழைய பிளக் வயர்களிலிருந்து பாடிக்குத் தாவும் நீலப் பொறிகள் கண்ணுக்கே தெரியும்.

இரவில் வடியும் மின்சாரம்

மாலையில் ஓடிய கார் காலையில் பேட்டரி இறங்கிக் கிடந்தால், முந்திய சோதனைகளால் பயனில்லை. சார்ஜ் ஏறவில்லையா, ஏறியது வடிகிறதா என்று பிரித்தறிய வேண்டும். எஞ்சின் மிதமான வேகத்தில் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருந்தால் ஆல்டர்னேட்டர் தன் வேலையைச் செய்கிறது. அதற்குக் கீழே இருந்தால் பெல்ட்டின் இறுக்கத்தையும், சாவியைத் திறந்ததும் டேஷ்போர்டில் சார்ஜ் விளக்கு எரிகிறதா என்பதையும் முதலில் பார்க்க வேண்டும். பல கார்களில் அந்தச் சிறு பல்பின் வழியாகவே ஆல்டர்னேட்டருக்குத் தொடக்க மின்சாரம் கிடைப்பதால், பல்பு எரிந்துபோனதற்காக ஆல்டர்னேட்டரையே மாற்றிய கதைகள் உண்டு.

சார்ஜ் சரியாக ஏறுகிறது என்றால், எல்லாவற்றையும் அணைத்து, கதவுகளை மூடி, மீட்டரை 10 ஆம்பியர் அளவைக்கு மாற்றி, பேட்டரியின் எதிர்முனைக்கும் கழற்றிய கவ்விக்கும் இடையில் இணைக்க வேண்டும். இந்நிலையில் எக்காரணம் கொண்டும் சாவியைத் திருப்பலாகாது, திருப்பினால் மீட்டரின் ஃபியூஸ் பறந்துவிடும். கடிகாரமும் ரேடியோவின் நினைவும் மட்டுமே இழுக்கும் பழைய காரில் அளவு 0.05 ஆம்பியருக்குள் அடங்க வேண்டும். மூடியும் அணையாத ஒரு 5 வாட் டிக்கி விளக்கு 0.4 ஆம்பியர் இழுத்து, நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 ஆம்பியர்-மணியை வடித்துவிடும். 40 ஆம்பியர்-மணி பேட்டரி மூன்றாம் நாள் எஞ்சினைச் சுழற்றாது. அளவு கூடுதலாக இருந்தால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்து, எதை எடுக்கும்போது எண் சரிகிறது என்று பார்த்தால், மின்சாரம் எந்தக் கிளையில் வடிகிறது என்பது வெளிப்படும். எல்லா ஃபியூஸ்களையும் எடுத்த பின்னும் எண் அசையவில்லை என்றால், ஃபியூஸ் பெட்டியைத் தொடாமல் பேட்டரியிலிருந்தே மின்சாரம் எடுக்கும் அலாரத்தையும் சவுண்டு சிஸ்டத்தையும் தேடிக் கழற்ற வேண்டும். அதன் பிறகும் மாறவில்லை என்றால் ஆல்டர்னேட்டரின் தடித்த கம்பியைக் கழற்ற வேண்டும், அப்போது எண் வீழ்ந்தால் அதனுள் இருக்கும் டையோடு ஒன்று கெட்டு மின்சாரத்தைப் பின்னோக்கி விடுகிறது. டையோடு தட்டை மட்டும் மாற்றித் தரும் வயரிங் கடைகள் இருக்கின்றன; பழைய கார்களைப் பிரித்து விற்கும் கெடாய் பொத்தோங் ஒன்றில் முழு ஆல்டர்னேட்டரையும் வாங்க நேர்ந்தால், அதைக் காரில் மாட்டுவதற்கு முன் கடையிலேயே சோதனை மேசையில் சுழற்றி, 14 வோல்ட்டை எட்டுகிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.